பதினெட்டாம் தேதி அடித்த பறை

அமல்ராணியை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆபீசுக்குக் கட்சிக்காரியாக நடந்த ஆறு வருஷமும் பிடிக்கவில்லை. கேஸ் ஜெயித்த பிறகும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் அவளைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டால், அது என் வாயை மீறி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுப்பராயலு. திண்டிவனத்தில் வக்கீல் பாண்டுரங்கனிடம் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். நிலம் பறிபோனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அழுவார்கள். சிலர் வக்கீல் காலில் விழுவார்கள். அமல்ராணி 1998 ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலையில், சாக்குப்பைக்குள் அரிவாளை வைத்துக்கொண்டு வந்தாள். பையை என் மேஜை மேல் டங்கென்று வைத்தாள்.

"வக்கீலு இருக்காரா? ஒருத்தனை வெட்டலாமான்னு கேக்கணும்."

"வெட்டுறதுக்கு முன்னாடின்னா இங்க வரணும். வெட்டினதுக்கு அப்புறம்னா எதிர் மாடியில கிரிமினல் வக்கீலு இருக்காரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

அவள் ஊர் திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு கத்தோலிக்கக் கிராமம். செங்கேணிப்பாக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் அருள்நாதன் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் மோட்டாரும் வைத்துவிட்டு 1994இல் செத்துப்போனான். ஒரு போகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; ஒரு போகம் கேப்பை. பிள்ளை இல்லை. அந்த நிலத்தை விட்டால் அவளுக்குச் சோறு போட நாதியில்லை. அருள்நாதன் நல்லவன்தான், ஆனால் கையெழுத்து தாராளம். ஒரு சிநேகிதன் லாரி வாங்கப் பணம் வாங்கினபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தான். சிநேகிதனும் காணாமல் போனான், லாரியும் காணாமல் போனது. பணம் கொடுத்தவன் செத்தவன் பெண்டாட்டி மேல் கேஸ் போட்டான்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். எங்கள் ஜில்லாவில் பாதிப் பேர் செய்கிற தப்பு. சம்மன் வந்தபோது வாங்கவில்லை. ரிஜிஸ்டர் தபால் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் தபால்காரரை விரட்டிவிட்டாள். கடைசியில் கோர்ட்டு ஆள் வந்து கதவில் ஒட்டிவிட்டுப் போனான். அதைக் கிழித்து அடுப்பு பற்றவைத்தாள். கையெழுத்துப் போட்டு வாங்காவிட்டால் கேஸ் நிற்காது என்று டீக்கடையில் சொல்கிற சட்டத்தை அவளும் நம்பினாள். கேஸ் நன்றாகவே நின்றது. இவள் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பாகி, நிலம் ஜப்தியாகி, ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டு ஏலத்தில் போய்விட்டது. இவள் அன்றைக்கு மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்தது அவள் எங்களிடம் வந்ததற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். பார்த்திபன் என்று ஒருத்தன், செங்கல் சூளை வைத்திருப்பவன், மோட்டார் சைக்கிளில் வந்து கிணற்று மேட்டில் நின்று நிலத்தை டேப் பிடித்து அளந்திருக்கிறான். இவள் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "கோர்ட்டு ஏலத்துல நான் எடுத்த நிலம்மா இது. இந்த போகம் மல்லாட்டையை நீங்களே புடுங்கிக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று பெரிய மனசு பண்ணியிருக்கிறான். அந்தப் பெரிய மனசுதான் அவளை அரிவாள் எடுக்க வைத்தது. அதில் மட்டும் எனக்கு அவள் மேல் கோபமில்லை.

பாண்டுரங்கன் முன்கோபி. முழுக்கக் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினார்.

"சம்மன் வந்தப்ப எங்க போன?"

"வூட்லதான் இருந்தேன். வாங்கலை."

"ஏன் வாங்கலை?"

"வாங்கினாத்தானே கேஸு நிக்கும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாரையும் இட்டுக்கினு வா. அவங்களே நிலத்தை மீட்டுக் குடுக்கட்டும்."

அவள் எழுந்துவிட்டாள். பையை எடுக்கப் போனாள். வக்கீல் என்னைப் பார்க்க, நான் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்புறம் அவர் குரலை இறக்கி அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"கடன் உண்டா இல்லையான்னு பேசற கதவை நீயே சாத்திட்ட. அதை விட்டுடு. ஏலம் முறையா நடந்துதான்னு கேக்கற கதவு இன்னும் தொறந்து இருக்குது. ஏலம் நடந்த நாள்லேர்ந்து அறுபது நாளைக்குள்ள மனுப் போடணும். நாப்பத்தேழு நாளு போயிடுச்சி. பதிமூணு நாள் பாக்கி."

"அந்தப் பதிமூணு நாள்ல அவன் வந்து உழுதுட்டா?"

"மனுப் போட்டா ஏலத்தை உறுதி பண்ண மாட்டாங்க. உறுதி ஆகாம அவனால உள்ள வர முடியாது. அவன் என்ன பண்ணாலும் நீ ஒரு கல்லு விடக்கூடாது. நீ அரிவாள எடுத்தா அப்புறம் அவன் ஏலத்தைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, உன் அரிவாளைப் பத்திதான் பேசுவாங்க."

அரிவாள் எங்கள் ஆபீஸ் அலமாரியில், பழைய கட்டுகளுக்கு அடியில் தங்கிவிட்டது.

ஏலக் கட்டின் நகலை வாங்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. திண்டிவனத்தில் இருந்த கோர்ட்டுகளில் எது என்று சொல்ல மாட்டேன்; தப்பு செய்தது ஒரு ஆள், கட்டடம் இல்லை. கோர்ட்டு ஏலம் என்றால் நிலத்திலும் ஊரிலும் பறை அடித்து, இந்தத் தேதியில் இந்த நிலம் ஏலம் என்று சொல்லி, நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஊரில் நாலு பேர் கேட்க வருவார்கள், விலை ஏறும். பறை அடிக்காவிட்டால் விஷயம் தெரிந்த ஒருத்தன் மட்டும் வந்து வாரிக்கொண்டு போவான். இந்த ஏலத்தில் கேட்டவர்கள் இரண்டே பேர். பார்த்திபன் ஒருத்தன், அவன் மச்சான் இன்னொருத்தன். போன விலைக்கு அந்தக் கிணற்றைக்கூட வெட்ட முடியாது.

பறை அடிக்க வைத்து நோட்டீஸ் ஒட்ட வேண்டிய கோர்ட்டுச் சேவகன், அமீனா பெரியசாமியின் ரிப்போர்ட்டை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "18-3-1998 காலை பத்து மணிக்குச் சொத்தின் மீதும் கிராமத்திலும் பறையடித்து விளம்பரம் செய்யப்பட்டது. பறையடித்தவர் சவுரிராயன். இடது கைப் பெருவிரல் ரேகை."

"இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன்.

"மார்ச்சு பதினெட்டா? அது தபசு காலமாச்சே."

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் அவர்களுக்குத் தபசு காலம். கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது. செங்கேணிப்பாக்கத்தில் அது இன்னும் கெட்டி. தபசு தொடங்குகிற விபூதிப் புதன் அன்றைக்கே ஊரில் உள்ள பறை, மேளம் எல்லாவற்றையும் வாங்கிக் கோயில் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஈஸ்டர் முடிந்துதான் திறப்பார்கள். வெளியூர்க்காரனான அமீனாவுக்கு அது தெரியாது. ஏதோ ஒரு தேதியைப் போட்டிருக்கிறான்.

"அடிச்சிருக்கவே முடியாது" என்றாள். "அறைச் சாவி என் இடுப்புல இருந்தது."

வக்கீலுக்கு முகம் மலர்ந்து உடனே வாடியது. "சாவி உன்கிட்ட இருந்ததுன்னா அது சாட்சி இல்லம்மா, உன் பேச்சு. நிலம் போனவ பேச்சை யாரு நம்புவா? ஊர்க்காரங்க நாலு பேர் வந்து பறை சத்தம் கேக்கலைன்னா, நீங்க காட்டுக்கு வேலைக்குப் போயிருப்பீங்கன்னு சொல்லுவான். அந்த சவுரிராயன் வரணும். வந்து நான் அடிக்கலைன்னு சொல்லணும்."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவன் சொல்ல மாட்டான்."

"ஏன்?"

எழுந்து போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். வானூர் பஸ் வருகிற வரைக்கும் நின்றுகொண்டே சொன்னாள். ஒரு வார்த்தைகூட மறைக்கவில்லை, ஒரு வார்த்தைக்குக்கூட வருத்தப்படவில்லை.

1993 மார்ச்சில், விழுப்புரம் தனி ஜில்லா ஆவதற்குச் சில மாதம் முன்னால், சவுரிராயனின் அம்மா செத்துப்போனாள். சவுரிராயன் காலனித் தெருக்காரன். அவன் பறையில் கை வைத்தால் மரக்காணம் வரைக்கும் பேர். சுற்றுப்பட்டு இருபது ஊர்ச் சாவுக்கு அவன்தான். அவன் அம்மா சாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பறையோடு வந்து, வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இவள் அப்போது ஊரில் மரியாயின் சேனை என்கிற ஜெபக் கூட்டத்துக்குத் தலைவி. ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்றிருக்கிறாள். தபசு காலத்தில் பறை சத்தம் கேட்கக்கூடாது என்றிருக்கிறாள். கோயில் சாமியாரேகூட, சாவு வீடு, விட்டுவிடு என்று ஆள் அனுப்பியிருக்கிறார். இவள் விடவில்லை. சவுரிராயன் இரண்டு அடி அடித்திருக்கிறான். மூன்றாவது அடிக்கு முன்னால் பறையை அவன் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கோயில் அறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். ஊருக்கெல்லாம் பறை அடித்தவன் அம்மா, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கக் கல்லறைக்குப் போனாள். ஈஸ்டருக்கு மறுநாள் அவனைக் கூப்பிட்டுப் பறையைக் கொடுத்தாள். அந்த வருஷத்திலிருந்துதான் எல்லாப் பறையையும் பூட்டுகிற வழக்கமே வந்தது.

"ஊரு சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்றாள் என்னிடம். "உங்க கோர்ட்டு மட்டும் சட்டம் பேசலாமா?"

எனக்கு அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது. அறுபது நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மனுவைத் தாக்கல் செய்தோம். கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக வாய்தா தவறவிட்ட குமாஸ்தா என்ற பேர் எனக்கு வேண்டாம்.

சவுரிராயன் வீட்டுக்கு நான் போனேன். ஒல்லியான ஆள், ஐம்பது வயது இருக்கும். வேலி முள் வெட்டிக்கொண்டிருந்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தான்.

"ரேகை என்னுதுதாங்க. அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க."

"அன்னிக்கு அடிச்சியா இல்லையா?"

"அத்த அந்தம்மா வந்து கேக்கட்டும்."

வந்து கேட்டாள். கேட்டாள் என்றா சொல்வது. அவன் வீட்டு வாசலுக்குப் போகாமல் காலனித் தெரு முனையிலேயே நின்றுகொண்டு, "சவுரி, நீ கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லணும்" என்று உத்தரவு போட்டாள். கெஞ்சுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"உண்மை உங்களுக்கு இப்பதான் வேண்டியிருக்குதா?" என்று கேட்டுவிட்டு அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

மூன்று வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தூக்குச்சட்டியில் கேப்பைக் கூழோடு வந்துவிடுவாள். கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து எல்லாரோடும் சண்டை. டவாலி பேரைச் சரியாகக் கூப்பிடவில்லை என்று ஒரு நாள், பெஞ்சு கிளார்க்கு இவள் கேஸ் கட்டை மட்டும் அடியில் வைக்கிறார் என்று ஒரு நாள், டீக்கடைக்காரன் கிளாசைக் கழுவவில்லை என்று ஒரு நாள். கோர்ட்டில் அவளுக்கு ஒரு சிநேகிதம்கூடக் கிடையாது. எங்கள் ஆபீசில் டைப்படிக்கிற காந்திமதி, "இந்தம்மா வர்ற அன்னிக்கு எனக்கு லீவு குடுத்துடுங்க சார்" என்பாள்.

ஊரில் பார்த்திபன் ஆட்கள் சும்மா இல்லை. மோட்டார் ஒயரை அறுத்தார்கள். விளைந்த மல்லாட்டையில் மாட்டை விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் ஆபீசுக்கு வந்து அரிவாளைக் கேட்பாள். வக்கீல் அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "புகார் எழுது" என்பார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அதில் இருக்கிற வசவுகளை நீக்கிவிட்டால் பாதிப் பக்கம்தான் மிஞ்சும். இவ்வளவு கோபத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரு கல்லைக்கூட எடுக்காமல் மூன்று வருஷம் இருந்தாளே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

2001 ஆகஸ்டில் விசாரணை வந்தது. அமீனா பெரியசாமி கூண்டில் ஏறி, பறை அடித்தது உண்மை, நோட்டீஸ் ஒட்டியது உண்மை, இந்த அம்மாவே வேடிக்கை பார்த்தார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனான். அமல்ராணி வராந்தாவிலிருந்து, "உன் நாக்கு அழுவிப் போவ" என்று கத்தினாள். நீதிபதி எழுத்தை நிறுத்தினார். வக்கீல் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

நாங்கள் சவுரிராயனுக்குச் சாட்சி சம்மன் போடவில்லை. நம் பக்கம் கூண்டில் ஏறி, பறை அடித்தேன் என்று அவன் சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று வக்கீல் பயந்தார். அந்தப் பக்கத்துக்கு அந்தப் பயம் இல்லை. ரேகை அவனுடையது, அமல்ராணி அவன் விரோதி. அடுத்த வாய்தாவுக்குப் பார்த்திபனே அவனைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினான். புது வேட்டி, புதுத் துண்டு. நான் வக்கீலைப் பார்த்தேன், வக்கீல் கட்டைப் புரட்டினார். அமல்ராணி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு தூக்குச்சட்டி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ரெண்டு ஏக்கர் நாற்பது சென்ட் அவன் வாயில் இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ரிப்போர்ட்டைக் காட்டினார். "இந்த ரேகை உங்களுதா?"

"என்னுதுதாங்க."

"அமீனா முன்னாடி வச்சதா?"

"ஆமாங்க. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சேங்க."

அந்த வக்கீலுக்குச் சுருக்கென்றது. "எங்க வச்சீங்கன்னு நான் கேக்கலை. மார்ச் பதினெட்டாம் தேதி ஊர்ல பறை அடிச்சீங்களா?"

சவுரிராயன் அப்போதுதான் அமல்ராணி இருந்த பக்கம் திரும்பினான்.

"அடிக்கலீங்க."

"ரிப்போர்ட்டுல அடிச்சதா இருக்கே."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பறைக் கூலின்னு குடுத்தாங்க, வெரலை வச்சேன். வச்சது என் தப்புதான். ஆனா அடிக்கலீங்க."

நீதிபதியே கேட்டார். "கூலி வாங்கியாச்சு. கோர்ட்டு வேலைக்கும் உங்க கோயில் வழக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. அன்னிக்கு அடிச்சிருக்கலாமே?"

"எங்க ஊர்ல தபசு காலத்துல பறை சத்தம் கேக்காதுங்கய்யா. எங்கம்மா செத்தப்பவே கேக்கலை. கோர்ட்டு காயிதத்துக்கா கேக்கப் போவுது?"

எதிர்த்தரப்பு வக்கீல் தன் சாட்சியையே பிறழ் சாட்சி என்று சொல்லி, குறுக்கு விசாரணைக்கு அனுமதி வாங்கினார். அந்த அம்மாவிடம் எவ்வளவு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்.

"அந்தம்மாவா? எங்கம்மா பொணத்து முன்னாடி என் பறையைப் புடுங்கிக்கினு போயி பூட்டின பொம்பளைங்க அது. அதும் நிலம் போனா எனக்கு சந்தோசந்தாங்க. அதுக்காக அடிச்சேன்னு சொல்ல முடியுமா?"

பாண்டுரங்கன் எழுந்து, "எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பார்த்திபன் கார் சவுரிராயனை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. கோர்ட்டு வாசலில் அமல்ராணி அவன் எதிரே போய் நின்றாள்.

"சவுரி, ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

"உன் கையால பச்சத் தண்ணி கூட எனக்கு வேணாம்" என்றான். நீங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் அவளை நீ என்றான்.

நான் அவனோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"அடிச்சேன்னு சொன்னா, தபசு காலத்துல அடிக்கலாம்னு ஆயிடுது இல்லீங்களா? அடிக்கலாம்னா எங்கம்மாவை மட்டும் எதுக்கு ஊமையா தூக்கிக்கினு போனேன்? ஊர்ல சட்டம் இருந்தது, அதனாலதான் அடிக்கலைன்னு நெனச்சிக்கினுதாங்க இத்தினி வருசம் மனசை ஆத்திக்கினு இருக்கேன். நானே அத்தப் பொய்யாக்கணுமா?"

அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு எந்த அமீனாவும் எந்த ஊர்ச் சாவுக்காரனும் அவனைக் கூப்பிடவில்லை. கோர்ட்டில் போய் வம்பு இழுப்பவன் என்று பேர் ஆகிவிட்டது. விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். அமீனா பெரியசாமி மேல் ஒரு விசாரணை நடந்தது. அவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு இன்றைக்கும் காலையில் வாக்கிங் போகிறான்.

2002இல் ஏலத்தை ரத்து செய்து உத்தரவு வந்தது. பறை அடிக்கவில்லை, அதனால் கேட்க ஆள் வரவில்லை, அதனால் நிலம் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். பார்த்திபன் விழுப்புரம் ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போனான். அங்கேயும் இரண்டு வருஷம் பஸ் ஏறினோம். 2004இல் அதுவும் தள்ளுபடி ஆயிற்று. கடன் மட்டும் அப்படியே நின்றது. அமல்ராணி நாற்பது சென்டைத் தானே விலை பேசித் தானே விற்று, கோர்ட்டில் கட்டி முடித்தாள். அந்த நாற்பது சென்டுக்கு வந்த விலை, பார்த்திபன் மொத்த நிலத்தையும் எடுத்த விலையைவிட அதிகம். ரெண்டு ஏக்கரும் கிணறும் அவளுக்கு நின்றது.

கடைசியாக ஆபீசுக்கு வந்த அன்றைக்கு அரிவாளை எடுத்துக் கொடுத்தேன். வக்கீலுக்கு ஒரு நன்றி சொல்வாள் என்று பார்த்தேன்.

"துரு புடிச்சிக்கிது பாரு. ஆறு வருசமா வச்சிருந்தியே, எண்ணெயாவது தடவியிருக்கலாம் இல்ல?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

வக்கீல் 2008இல் காலமானார். நானும் வேலையை விட்டேன். 2013 மார்ச்சில் சவுரிராயன் மகன் லூர்து பிரகாஷ் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றான். அவனுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. எனக்குச் சவுரிராயனைப் பிடிக்கும், அதனால் போனேன்.

தபசு காலம். சாவு வீட்டில் பறை இல்லை. இருபது ஊர்ப் பறைக்காரர்களும் வந்திருந்தார்கள், எல்லாரும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பாடையில் தூக்கி வைக்கிற நேரத்துக்கு அமல்ராணி வந்தாள். எழுபதை நெருங்கியிருந்தாள், முதுகு வளைந்திருந்தது. இந்தத் தடவை தெரு முனையில் நிற்கவில்லை. வாசல் வரைக்கும் வந்தாள். தலையில் சவுரிராயனின் பறை இருந்தது. கோயில் அறையைத் திறந்து, ஊர் பார்க்கச் சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

பறையை லூர்து பிரகாஷ் முன்னால் இறக்கி வைத்தாள்.

"அடிங்கடா. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

யாரும் அசையவில்லை. அவள் இன்னொரு தரம் சொன்னாள். குரல் அவள் குரல் மாதிரி இல்லை. "அடிங்கப்பா" என்றாள்.

கெஞ்சுகிறாள் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

லூர்து பிரகாஷ் பறையைத் தொடாமல் சொன்னான். "இந்த ஊர்ல தபசு காலத்துல பறை சத்தம் கேக்காதுன்னு எங்கப்பா கோர்ட்டுல சத்தியம் பண்ணி சொல்லியிருக்காரு. அவர் சாவுலயே நாங்க அத்தப் பொய்யாக்க மாட்டோம். எடுத்துக்கினு போய்ப் பூட்டுங்க."

தூக்கினார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பறையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் வந்தாள். கல்லறைக்குப் போகிற வழி அவள் நிலத்தை ஒட்டிப் போகிறது. மல்லாட்டைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழியில் செருப்புச் சத்தத்தை மீறிக் கேட்டது அவள் மோட்டார் சத்தம்தான். அவள் வரப்பில் இறங்கி, பறையைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, வளைந்த முதுகோடு கொட்டகைக்கு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள்.